கீறல் விழாமல்

முதலில் வெறும் தண்ணீர். கை படக் கூடாது, துணி படக் கூடாது, புழுதியோடு சேர்த்துத் தேய்த்தால் அந்தப் புழுதியே அரமாக அறுத்துவிடும், அதனால் தண்ணீர் மட்டும், அதுவும் கூரையின் நடுவிலிருந்து, என்று கோகிலவாணி தனக்குள் சொல்லிக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்றாள். ரப்பர் குழாயின் வாயைப் பெருவிரலால் பாதி அடைத்துப் பிடித்ததும் தண்ணீர் விசிறியாக விரிந்து கருநீலக் கூரையில் விழுந்தது. மூன்று வாரத்துப் புழுதி கரைந்து கண்ணாடிமேல் பழுப்பாக இறங்கியது. மணி ஏழே முக்கால். ஒன்பதேகாலுக்குக் கிளம்பினால்தான் பத்து மணிக்குக் கண்ணாஸ்பத்திரியில் இருக்க முடியும், கோயமுத்தூரின் காலைநேரத்துச் சாலைகள் அப்படி. அதற்குள் காரைக் கழுவி முடிக்க வேண்டும். அதற்குள் அவரிடம் சொல்லிவிடவும் வேண்டும். இரண்டில் எது சுலபமோ அதில் கை வைத்திருக்கிறாள். மூன்றாம் மாடியில் அவள் கணவர் திருமூர்த்தி குப்புறப் படுத்திருக்கிறார். நேற்று மத்தியானம் இடது கண்ணில் இரண்டாவது ஆபரேஷன். வலது கண் மூன்று வருஷத்துக்கு முன்பே போய்விட்டது, இருப்பது இது ஒன்றுதான், இதிலும் விழித்திரை பிய்ந்துகொண்டு வந்துவிட்டது, ஒட்டவைத்துப் பார்க்கிறோம் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா அவளை மட்டும் வராந்தாவின் ஓரத்துக்குக் கூப்பிட்டாள். தலையில் இன்னும் பச்சைக் குல்லா இருந்தது. "ஒட்டலைங்கம்மா. தொட்டாலே கிழியுது, நனைஞ்ச டிஷ்யூ பேப்பர் மாதிரி. இனிமே திரும்பத் திறந்தும் பிரயோஜனமில்லை. வெளிச்சம் இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சா அதிகம். நாளைக்குக் கட்டுப் பிரிக்கறப்ப நானே சொல்றேன். ஆனா நீங்க வீட்டுலயே சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்கன்னா அவருக்கு நல்லது. கட்டை எடுத்த பொறகு தெரிஞ்சுக்கறது ரொம்பக் கொடுமை." கோகிலவாணி சரிங்க என்றாள். சரிங்க டாக்டர், சொல்லிடறேன். ஏதோ மருந்துச்சீட்டை வாங்கிக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினாள், தேங்க்ஸ் என்றுகூடச் சொன்னாள், அந்தத் தேங்க்ஸை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பதினெட்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம், அங்கே ஒரே கூட்டம். காரில் சொல்லியிருக்கலாம், அவர் பின்சீட்டில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்தார். குப்புறவே படுக்கோணும், தலையைத் தூக்கவே கூடாது, உள்ளே வெச்ச வாயு மேல வந்து திரையை அமுக்கிப் பிடிக்கும் என்று போன தடவை சொன்னதை நர்ஸ் இந்தத் தடவையும் ஒப்பித்துவிட்டாள், ஒட்டவில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இரவு முழுக்க அவர் அப்படியே கிடந்தார். சாப்பிடும்போதுகூடத் தலையைக் குனிந்தபடி, தட்டை மடியில் வைத்து, உப்புமாவை வழித்து வழித்துச் சாப்பிட்டார். கழுத்து மரத்துப்போய்விட்டது என்றார், ஆனால் திரும்பவில்லை. திரும்பிப் படுங்க, ஒண்ணும் ஆகாது, என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். அதனால் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். அந்தக் கழுத்து அப்படி விறைத்துக் கிடந்தது, வீணாக, முழு விசுவாசத்தோடு. காலையில் ஆறு மணிக்குத் தலையணைக்குள்ளிருந்தே குரல் வந்தது. "கோகிலா, வண்டி அழுக்கா இருக்குமே." அவள் பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். "இருக்குதுங்க." "கழுவிடு. போன தடவை கட்டுப் பிரிச்சதும் மொதல்ல நான் பாத்தது ஒரு மஞ்சக் குப்பைத் தொட்டி, அதுவும் கலங்கலா. இந்தத் தடவை கண்ணைத் தொறந்ததும் வேற ஒண்ணையும் பாக்க மாட்டேன், தலையைக் குனிஞ்சுக்கறேன், நேரா வண்டிகிட்டக் கூட்டிட்டுப் போ." சரிங்க, என்றாள். நேற்று டாக்டரம்மாவிடம் சொன்ன அதே சரிங்க.

இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். கையுறைத் துணியை நுரையில் முக்கி ஒரு பகுதியைத் துடைத்ததும் திரும்ப நுரையில் விடக்கூடாது, வெறும் தண்ணீரில் அலசி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் நுரைக்குப் போக வேண்டும். மேலிருந்து கீழே. சக்கரத்துக்கு வேறு துணி. நேர்கோடாக இழுக்க வேண்டும், வட்டம் போடக் கூடாது, வட்டம் போட்டால் வெயிலில் சிலந்திவலை மாதிரி தெரியும், அந்தக் கோடுகளுக்குச் சாவே கிடையாது என்பார். அவருக்குத் தெரியும், அது அவர் பிழைப்பு. இங்கிலாந்தில், பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் பெயிண்ட் பரிசோதனை. இரண்டு பக்கமும் கூரையிலும் வரிசை வரிசையாக டியூப்லைட் எரியும் ஒரு கூடத்துக்குள் புதுப் பெயிண்டோடு கார்கள் நகர்ந்து வரும். எதிர்த்து விழுகிற வெளிச்சம் எங்கே ஒரு நூல் வளைகிறதோ அங்கே தூசி உட்கார்ந்திருக்கிறது. மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுவார். கடுகில் கால்வாசி இருக்காது அந்தத் தூசி. ஒருநாள் குடும்பங்களை உள்ளே விட்டார்கள், அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் கண்ணாடிபோல் இருந்தது. "என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இப்படிப் பாத்திருந்தீங்கன்னா கல்யாணமே நடந்திருக்காது" என்றாள். "பாத்தேனே" என்றார், காரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எடது காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம். சரி, பாஸ் பண்ணிடலாம்னு விட்டுட்டேன்." அவள் சிரித்த சத்தத்தில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த மச்சம் இப்போதும் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது, அது அவள் பார்க்க முடிகிற இடத்தில் இல்லை, அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர்தான் இருந்தார். கூரை முடிந்தது. ஸ்டூலை நகர்த்தும்போது கால் லேசாக வழுக்கியது, காரைப் பிடிக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தாள். நகம் பட்டுவிடும். விழுந்தாலும் சுவர்ப்பக்கம் விழுகிற புத்தி எப்போது வந்தது தனக்கு என்று தோன்றியது.

"ஏனுங் அம்மணி, விடிஞ்சதும் விடியாததுமா காருக்குக் கல்யாணமா?" நாச்சிமுத்து வந்துவிட்டார். அந்த அடுக்கு வீட்டில் பன்னிரண்டு கார்களையும் தினமும் துடைக்கிறவர், ஒரே வாளி, ஒரே துணி, பன்னிரண்டாவது காருக்கு வரும்போது அந்தத் தண்ணீர் காபி நிறத்தில் இருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கார். எல்லாக் கார்களும் பளிச்சென்றுதான் இருக்கின்றன, வெயில் சாய்வாக விழாதவரை. பதிமூன்றாவது காரை மட்டும் தொடாதே என்று திருமூர்த்தி குடிவந்த முதல் வாரமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், அதிலிருந்து நாச்சிமுத்துவுக்கு இந்தக் காரைக் கண்டால் ஒரு கிண்டல். "அதென்ன குடத்துல? சிறுவாணித் தண்ணிங்களா? நாங்க குடிக்கறதுக்கே வரிசைல நிக்கறோம், உங்க காரு குளிக்குது." "கடைசி அலசலுக்கு மட்டுந்தாங்ணா. போர்த்தண்ணி காஞ்சா உப்புப்பொட்டு விழுந்துருது, அப்பறம் போறதில்லை." "பொட்டு வெச்சா அழகுதானுங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, குரலை இறக்கி, "அய்யாவுக்குக் கண்ணு எப்படியிருக்குதுங்க?" என்றார். இவரிடம் சொல்லலாம் என்று கோகிலவாணிக்குத் திடீரென்று பட்டது. ஒட்டலைங்ணா, போச்சுங்ணா. இவரிடம் ஒருமுறை சொல்லிப் பழகிவிட்டால் மேலே போய்ச் சொல்ல வாய் வந்துவிடும். வாயைத் திறந்தாள். "நல்லா இருக்குதுங்ணா. இன்னைக்குக் கட்டுப் பிரிக்கறாங்க." "மருதமலையான் இருக்கான் அம்மணி. பாருங்க, அய்யா வந்து என்னைய இன்னும் ரெண்டு திட்டுத் திட்டுவாரு" என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவ்வளவு சுத்தமாக வந்தது பொய். ஒரு பிசிறில்லை. அவள் அதைத் திரும்ப ஒருமுறை மனசுக்குள் கேட்டுப் பார்த்தாள், நல்லா இருக்குதுங்ணா. இங்கிலாந்தில் வலது கண் போனபோது அந்த ஊர் டாக்டர் வருந்துகிறேன் என்று இங்கிலீஷில் ஆரம்பித்து மூன்று வாக்கியத்தில் முடித்துக் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அந்தப் பாஷையில் அதற்கென்று ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் திருமூர்த்திக்கும் நடுவில் அந்தப் பாஷையில் பேச்சே நடந்ததில்லை, மளிகைப் பட்டியல் தவிர. தமிழில் எப்படிச் சொல்வது? பார்வை வராதுங்க. ஏதோ பஸ் வராது என்கிற மாதிரி. கண்ணு தெரியாதுங்க. அது பக்கத்துத் தெருவில் யாரையோ அடையாளம் சொல்வது. இன்னொரு சொல் இருக்கிறது, அது வசவு. இங்கிலாந்திலேயே இருக்கும் மகன் கவினுக்குப் போன் பண்ணலாம் என்றால் அங்கே இன்னும் விடியவில்லை, விடிந்தாலும் அவன் அம்மா நீ ஸ்டிராங்கா இரு என்பான். இருக்கிறாளே. ஸ்டூல்மேல் ஏறி நிற்கிறாள்.

பானெட்டுக்கு வந்தாள். சுவருக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்துவிட்டது. அது இறங்கி வந்து பானெட்டைச் சுடுமுன் முடிக்க வேண்டும், சூட்டில் நுரை காய்ந்தால் தடம் போட்டுக்கொள்ளும். காரை எப்போதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துத்தான் நிறுத்துகிறாள், போன மாதத்திலிருந்து. ஆயுத பூஜை அன்று அவர் முதல் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். எல்லா வண்டிக்கும் பொட்டு வைக்கிறார்களே, இது மட்டும் மூளியாக நிற்கிறதே என்று அவள் சந்தனத்தைக் குழைத்துப் பானெட்டில் மூன்று இடத்தில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் நசுக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அப்புறம் அந்த ஞாபகமே இல்லை. ஒன்பது நாள். ஒன்பது நாள் வெயில், நடுவில் ஒரு தூறல். துடைத்தபோது சந்தனம் போய்விட்டது, மூன்று சிவந்த வட்டம் போகவில்லை. ஷாம்பு போட்டாள், போகவில்லை. பிறகு அவள் செய்த காரியத்தை இங்கிலாந்தில் ஒருத்தியும் செய்திருக்க மாட்டாள், சாமி அறைக்குப் போய் விபூதியை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்தால் விபூதிதான், எவர்சில்வர் மங்கினால் விபூதிதான், அம்மா வீட்டில் பார்த்ததெல்லாம் கைக்குள்ளேயே இருக்கிறது, மூளையைக் கேட்பதில்லை. ஈரத்துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள். சிவப்பு போய்விட்டது, மினுக்கும் கூடவே போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்கு மூன்று மங்கல். மேலே ஆவி படிந்த மாதிரி, துடைத்தால் போய்விடும் போல, ஆனால் போகாது. அன்றிலிருந்து பயம். அவர் வீடு வந்த பிறகு கொஞ்ச நாள் கலங்கலாகவேனும் கண் தெரிந்தது. இன்னும் தெளியும் தெளியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், தெளியத் தெளியப் பார்த்துவிடுவாரே என்று இவள் காரைத் திருப்பி நிறுத்தினாள், கீழே வரவேண்டாம் படியிருக்கு என்றாள், ஒரு நாள் அவர் பார்க்கிங்குக்கு வந்தபோது முன்னால் போய்ப் பானெட்டில் முந்தானை படச் சாய்ந்து நின்றுகொண்டாள். ஒருவேளை அப்போது அவள் வேண்டிக்கொண்டாளோ? பார்க்காமல் இருக்கட்டும் என்று ஒரு கணம் மனசு சொல்லியிருக்குமோ? சொல்லியிருக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருக்கும், பாக்காம இருக்கோணும் சாமி, பாக்காம இருக்கோணும். இப்போது அந்த மூன்று மங்கலின்மேல் நுரை வழிகிறது, கை போய்ப் போய் அங்கேயே நிற்கிறது. பார்க்கட்டும். பார்த்துவிட்டு, யாருடி இதைத் தேய்ச்சது, விபூதியா, உனக்கென்ன பைத்தியமா, இத்தனை வருஷம் என்கூட இருந்து இதுதான் கத்துக்கிட்டியா என்று அடுக்கு வீடே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தட்டும். இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும். அந்தத் திட்டுக்காக அவள் என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள், ஆனால் வாங்கிக்கொள்கிறவர் யாரும் இல்லை. கையைப் பார்த்தாள். வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

எட்டரை. குடத்துத் தண்ணீரைச் செம்பில் மொண்டு மெதுவாக ஊற்றினாள், பீய்ச்சக்கூடாது, ஏடுபோல வழிய விட்டால் பாதி ஈரம் தானே இறங்கிவிடும். உலர்த்துகிற பெரிய துணியைக் கூரையில் விரித்துப் போட்டு இரண்டு முனையையும் பிடித்து இழுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. நீலம் ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்து உலர உலரத் திரும்ப நீலமானது. இந்த நிறமே வேண்டாம் என்றாள் அவள், வாங்கும்போது, வெள்ளை வாங்குங்க, இந்த ஊர் புழுதிக்கு வெள்ளைதான் தாங்கும். "வெள்ளையில ஒண்ணுமே தெரியாது, கோகிலா. பாக்கறதுக்கு என்ன இருக்குது?" ஒரு கண்ணோடு வந்திறங்கிய மனுஷர், இருக்கிற கண்ணுக்கு வேலை கொடுக்கிற நிறமாகப் பார்த்து வாங்கினார். துணி நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த துணியைத் திரும்பத் தொடக்கூடாது, கண்ணுக்குத் தெரியாத மணல் ஒட்டியிருக்கும், அது விதி, உதறினாலும் போகாது. அவள் குனிந்து எடுத்தாள். கதவு இன்னும் ஈரமாக இருந்தது. மேலே போய் வேறு துணி எடுத்து வரலாம், ஆனால் மேலே போனால் அவர் இருப்பார், முடிஞ்சுதா என்பார், அந்த நிமிஷமே சொல்லவேண்டி வரும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இனி யார் பார்க்கப்போகிறார்கள், துடைத்துவிடு என்று ஒன்று சொன்னது. அதைச் சொன்னது அவள்தான், வேறு யாருமில்லை, அவர் கண் போன பிறகு இந்த வீட்டில் எதெதெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஆகிவிடும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. துவைத்த ஜன்னல் திரை. தட்டில் குழம்பு எந்தப் பக்கம். அவள் நெற்றி. துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, மிச்ச ஈரத்தைத் தோளில் கிடந்த தன் நூல் துப்பட்டாவால் ஒற்றி ஒற்றி எடுத்தாள், ஒரு கதவு, இன்னொரு கதவு, அழுத்தாமல், மூச்சை அடக்கிக்கொண்டு. வெயில் பானெட்டில் இறங்கியபோது கார் உலர்ந்திருந்தது. ஒன்பதாக ஐந்து நிமிஷம். சொல்லவில்லை.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், தலையை மார்பில் தொங்கவிட்டபடி, இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, எல்லாம் தானே தடவிப் போட்டுக்கொண்டிருந்தார். "கூலிங் கிளாஸ் எடுத்துக்கோ. கட்டை எடுத்ததும் வெயில் கூசும்." "எடுத்துக்கிட்டேங்க." லிப்டில் அவர் கை அவள் முழங்கைக்கு மேலே பிடித்திருந்தது, துப்பட்டா நனைந்திருந்ததைத் தொட்டு, குளிச்சிட்டியா காரோட என்று சிரித்தார். பார்க்கிங்கில் முன்கதவைத் திறந்து பிடித்தாள். உட்கார்வதற்கு முன் கதவின் மேல்விளிம்பை ஒரு விரலால் நீள வருடினார். "ம். ஈரமில்லை." உட்கார்ந்தார். அவள் சுற்றிவந்து உட்கார்ந்து, அவருடைய பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, சாவியைப் போட்டாள்.

"எப்படி இருக்குது?" என்றார் மடியைப் பார்த்தபடி.

"நல்லா இருக்குதுங்க."

"நல்லான்னா? கண்ணாடியாட்டம் மேகம் தெரியுதா கதவுல?"

"தெரியுதுங்க."

"பொய் சொல்லாத, கோகிலா. இன்னும் ஒரு மணி நேரத்துல நானே பாத்துருவேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு முடிகிறவரை அவள் காத்திருந்தாள். சாவியை முறுக்கவில்லை.

"பாக்க முடியாதுங்க" என்றாள். கறிவேப்பிலை இல்லைங்க என்கிற குரலில் வந்தது. "ஒட்டலையாமா. கிழிஞ்சு கிழிஞ்சு வருதாமா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

பக்கத்து வரிசையில் நாச்சிமுத்து துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வாளியில் சொட்டி நின்றது.

"எப்பச் சொன்னாங்க?"

"நேத்து மத்தியானம்."

அவர் கை பெல்ட்டின் நாடாவைப் பிடித்து, மேலும் கீழும், மேலும் கீழும், ஒரு முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டார். கோபமாக இல்லை. தொழிற்சாலையில் ஒரு காரை நிறுத்தி ஏன் இப்படி என்று விசாரிக்கிறவரைப் போலக் கேட்டார்.

"அப்பறம் எதுக்குக் கழுவினே?"

கோகிலவாணி சாவியைப் பார்த்தாள். ஏன் மேலிருந்து கீழே, ஏன் இரண்டு வாளி, ஏன் நிழலில், எல்லாவற்றுக்கும் காரணம் அவளுக்குத் தெரியும், அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இதை மட்டும் அவர் சொல்லிக்கொடுத்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெயில் முழுசாக வந்துவிட்டது.

"எடு வண்டியை" என்றார். "அந்த டாக்டரம்மா வாயாலயும் ஒருக்கா கேட்டுக்கறேன்."